கச்சானுக்கும் வாடைக்கும் நடுவே ஒரு யன்னல்

திருக்கோணமலை உவர்மலையில் நாங்கள் இருந்த பழைய வீட்டின் யன்னல்கள் மாரியில் சாத்துப்படாது. கச்சான் காற்று பிறந்தால் சாத்தினாலும் நிற்காது, இரவு முழுக்கக் கடகடக்கும். நிலை முதிரை, கதவுகள் ஏதோ மலிவு மரம். ஐப்பசி மழையில் கதவு ஊதும்; வைகாசி தாண்டி மேற்கிலிருந்து அனல் காற்று வந்தால் சுருங்கும். நிலை மட்டும் அசையாது.

கதவுகளை மாற்ற மூதூரிலிருந்து லோஞ்சில் ஒரு ஓடாவி வந்தார். முதிரைப் பலகையின் மஞ்சள் வைரத்தை விரலால் தட்டிக் காட்டிவிட்டு, ஓரத்து வெள்ளையை உளியால் சீவி எறிந்தார். “வெள்ளைய விட்டா கறையானுக்குக் கந்தூரி குடுத்த மாதிரி, தம்பி.” முதிரையில் நேரே ஆணி இறங்காது. முதலில் துளை போட்டு, பித்தளைத் திருகாணியைச் சவர்க்காரத்தில் உரசித்தான் முறுக்கினார். இரும்பு ஆணி ஏன் கூடாது என்று அப்பா கேட்டார். கடலைப் பார்த்துத் தலையாட்டியதுதான் பதில்.

இரும்பே இல்லாமல் முதிரை என்ன செய்யும் என்பதற்குப் பேராதனையில் ஒரு சாட்சி இருந்தது. 1833இல் மகாவலிக்குக் குறுக்கே 205 அடி நீளத்தில் ஒற்றை வளைவாக, ஆணி அடிக்காமல் கட்டிய முதிரைப் பாலம். 1905 வரை நின்றது. அந்த மகாவலி வந்து விழுவது கொட்டியாரக்குடாவில். ஓடாவியின் லோஞ்ச் கடந்து வந்த அதே தண்ணீர்.

மரத்தால் பெயர் வாங்கிய ஊர்தான் திருக்கோணமலை. ஹல்மில்ல மரம் ‘திருக்கோணமலை மரம்’ என்ற பெயரில் சென்னைக்குப் போய், அங்கே அலை தாண்டும் மசூலாப் படகாயிற்று. ஊரின் பெயரைச் சுமந்த கப்பலோ வேறு மரம். ‘ட்ரிங்கோமலி’ என்ற போர்க்கப்பல், 1817இல் பம்பாயில் வாடியா குடும்பத்துக் கப்பல் கட்டுநர்கள் தேக்கில் கட்டியது. இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் இன்றும் மிதக்கிறது. ஓக் மரத்தின் அமிலம் இரும்பாணியை அரிக்கும், எண்ணெய்ப் பசையுள்ள தேக்கு அரிக்காது. கப்பல் கட்டியவர்கள் மரத்தையும் ஆணியையும் சேர்த்தே யோசித்தார்கள். வீடு கட்டும் நாங்கள் மரத்தோடு நிறுத்திவிடுகிறோம்.

சண்டைக் காலத்தில் ஆளில்லாத வீடுகளிலிருந்து முதலில் போனது ஓடும் நிலையும்தான். திரும்பி வந்தவர்கள் கொங்கிறீற் நிலை வைத்தார்கள். மலிவு, கறையான் தொடாது, களவெடுக்கவும் ஆள் இல்லை. ஆனால் உள்ளே மெல்லிய கம்பி. மேலே சீமெந்து ஒரு விரற்கடை கூடக் கிடையாது. உப்புக்காற்று உள்ளே இறங்கிக் கம்பி கறள் பிடித்தால் அது பருத்துச் சீமெந்தைப் பிளக்கும். நிலாவெளிப் பக்கம் கடலோரத்தில் போய்ப் பாருங்கள், நிலையின் கீழ்மூலை வெடித்துக் கறள் கண்ணீர் வடித்துக்கொண்டிருக்கும்.

இப்போது எல்லாரும் அலுமினியம். நல்லதுதான், ஊதாது, சுருங்காது. இரும்பைப் போல் கறள் பிடிக்காதே தவிர, உப்புப் படிந்த இடத்தில் வெள்ளைப் பொடி பூத்துக் குழி விழும். பவுடர் கோட்டிங் வேண்டும். பெரிய ஆபத்து திருகாணியில். உப்பு ஈரத்தில் சாதா இரும்புத் திருகாணி அலுமினியத்தைத் தொட்டால் அலுமினியம்தான் கரையும். கடைக்காரர் காட்டும் 304 எவர்சில்வர் கடலோரத்தில் புள்ளி விழும். மொலிப்டினம் கலந்த 316 தாங்கும். யுபிவிசியை உப்பு ஒன்றும் செய்யாது, ஆனால் அகல யன்னலில் அதன் பலம் உள்ளே செருகிய இரும்பில்தான் இருக்கிறது. அந்த இரும்புக்கு நாகப்பூச்சு உண்டா, தண்ணீர் வடியத் துளை உண்டா என்று கேட்காமல் காசு கொடுக்கக் கூடாது.

அந்த முதிரை நிலைக்கு வருகிறேன். வீட்டை இடித்தபோது, வாங்கியவர் முதலில் கழற்றிக்கொண்டு போனது அதைத்தான். பல வருஷம் காய்ந்த மரம், இனிமேல் கோணாது. புது முதிரை வாங்கப் பணம் இருந்தாலும் பெர்மிட் இல்லாத மரத்தைத் தொடாதீர்கள். காட்டில் மிச்சம் கொஞ்சம்தான். இடித்த வீட்டு நிலை கிடைத்தால் விடாதீர்கள். கடல் பார்த்த பக்கம் அலுமினியம், முற்றத்துப் பக்கம் பழைய முதிரை, இது என் கணக்கு. எதை வைத்தாலும் பிணைச்சலையும் திருகாணியையும் நீங்களே கடைக்குப் போய் வாங்குங்கள். மாதம் ஒரு தடவை நல்ல தண்ணீரால் கழுவி விடுங்கள்.