சீகிரியாவிலிருந்து ஒரு மலைவழி

கல்லூரித் தோழர் ஒருவரும் யானும் சீகிரியாவிலிருந்து துவிச்சக்கர வண்டிகளிற் புறப்பட்டு, தம்புள்ளை, மாத்தளை, இரத்தோட்டை வழியாக றிவர்ஸ்டன் கணவாயை அடைய எண்ணினோம். காசியப்பனின் குன்று ஏறக்குறைய 200 மீற்றர் உயரமே. 2010இல் உலக மரபுரிமையிற் சேர்ந்த நக்கிள்ஸ் மலைத்தொடரின் கடுமை எமக்கு அப்போது விளங்கவில்லை.

இரத்தோட்டைக்கு அப்பால் வளைந்து வளைந்து ஏற்றம், மூடுபனி, முகத்தில் அறையும் காற்று. தோழர் இறங்கி வண்டியை உருட்டலானார். யானோ, கல்லூரி ஓட்டப்போட்டியில் அவரிடம் தோற்றதை இன்னும் மறவாதவனாய் (அறுபது வயதில் இது தகுமோ?) தனியே முன்னேறினேன்.

கணவாயில் அரைமணி நேரம் காத்தும் அவரைக் காணேன். அஞ்சித் திரும்பினேன். சரளையிற் சறுக்கி வீழ்ந்து, முழங்காலிற் குருதியுடன் வீதியோரம் அமர்ந்திருந்தார்.

"மேலே பனி விலகிற்றா?" என வினவினார்.

விலகியிருந்தது. இல்லை என்றேன். இருவரும் வண்டிகளை உருட்டிக்கொண்டு மெல்ல ஏறினோம்.