வீணைக் கை

ஜூன் 9

கிடார் வாங்கியாயிற்று. தோபி தலாவ், ஜெர் மகால் கட்டடத்தில் உள்ள ஃபுர்டாடோஸ். 1865-இலிருந்து இருக்கும் கடை. நைலான் தந்தி போட்ட கிளாசிக்கல் கிடார்கள் தனியாக ஒரு சுவரில் தொங்குகின்றன. முன்பலகை ஸ்ப்ரூஸ் அல்லது சீடர், முதுகும் விலாவும் ஈட்டி மரம். பிரேசில் ஈட்டி அருகிப்போய், 1992-இல் அதன் சர்வதேச வணிகத்துக்கே தடை வந்துவிட்டது. அதனால் ஸ்பெயின் நாட்டுப் பட்டறைகளுக்கும் நம் மேற்குத் தொடர்ச்சி மலை ஈட்டிதான் போகிறது. என் பட்ஜெட்டுக்குக் கிடைத்ததில் ஈட்டி மேலே ஒட்டிய மெல்லிய தகடு மட்டுமே. அதுவும் பார்க்க அழகாய்த்தான் இருக்கிறது. செம்பூர் வரை ஹார்பர் லைனில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

ஜூன் 15

மாட்டுங்காவில் முதல் வகுப்பு. வாத்தியாருக்கு என் மகள் வயது. அவர் என்னை ஆன்ட்டி என்கிறார், நான் அவரை சார் என்கிறேன். இடது காலைக் குட்டிப் பலகைமேல் தூக்கி வைத்து, இடது தொடையில் கிடாரைச் சாய்த்து உட்கார வேண்டும். சம்மணம் கிடையாது.

கல்யாணத்துக்கு முன் வீணை கற்றவள் என்று சொன்னதும் சந்தோஷப்பட்டார். பாதி வேலை முடிந்ததென்று நினைத்திருப்பார், பாவம். வீணையில் வலக்கை ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தந்தியைக் கீழ்நோக்கி மீட்டும். சுண்டுவிரல் தாளத் தந்திகளைக் கவனித்துக்கொள்ளும். இங்கே விரல்கள் உள்ளங்கையை நோக்கி மேலே இழுக்க வேண்டும். கட்டைவிரல் மட்டும் கீழே தள்ளும். வலக்கைச் சுண்டுவிரலுக்கு வேலையே இல்லை. இத்தனை வருஷம் சும்மா கிடந்த இடக்கைச் சுண்டுவிரலோ முழு நேர ஊழியம் பார்க்க வேண்டும், மெட்டுக்கு ஒரு விரல் என்று கணக்கு.

அதைவிடப் பெரிய தொல்லை, கை சும்மா இருப்பதில்லை. ஒரு சுரத்தைத் தொட்டால் தந்தியைப் பக்கவாட்டில் இழுக்கப் போகிறது. "ஆன்ட்டி, சீதா பஜாயியே" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். நான் நேராகத்தான் வாசிப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 29

விடாத மழை. புதுத் தந்தி இறங்கிக்கொண்டே போகிறது. நைலான் சில நாள் இழுபட்டுத்தான் நிலைக்குமாம், பம்பாய் ஈரமும் சேர்ந்துகொள்கிறது. பெட்டிக்குள் சிலிக்கா பொட்டலம் போட்டிருக்கிறேன். முன்பு குடல் நரம்பில்தான் தந்தி செய்தார்கள். இரண்டாம் உலகப் போரில் அறுவைத் தையலுக்கென்று அந்த நரம்பு போய்விட, கிடார்காரர்களுக்குத் தட்டுப்பாடு. நியூயார்க்கில் ஆல்பர்ட் அகஸ்டின் என்பவர் நைலானில் செய்து பார்த்தார். கிடார் மேதை செகோவியா அதை ஏற்றுக்கொண்டதும் உலகமே மாறிக்கொண்டது.

ஜூலை 13

வகுப்பு முடிந்து அக்கா வீட்டுக்குப் போனேன். டிரினிட்டி பரீட்சை எழுதப் போகிறேன் என்றதும் காபி டபராவைக் கீழே வைத்துவிட்டாள்.

"பேங்க்ல சி.ஏ.ஐ.ஐ.பி. பரீட்சை எழுதி எழுதி ப்ரமோஷன் வாங்கினதெல்லாம் போதாதாடி? இப்போ யார் உனக்கு இன்க்ரிமென்ட் தரப்போறா?"

இளையராஜாவைச் சொன்னேன். அண்ணன் பாவலர் வரதராஜன் குழுவில் ஊர் ஊராக வாசித்துப் பழகியவர், 1960-களின் கடைசியில் சென்னைக்கு வந்து, மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரிடம் மாணவராக உட்கார்ந்தார். அப்போது இருபத்தைந்து வயதாவது ஆகியிருக்கும். மேற்கத்திய நோட்டு எழுதப் படிக்கக் கற்று, லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிளாசிக்கல் கிடார் தேர்வில் தங்கப் பதக்கம் வாங்கினார். 'அன்னக்கிளி' அதற்கெல்லாம் பிறகு, 1976-இல் வந்தது.

"அவர் இளையராஜா, நீ?"

நியாயமான கேள்வி. ஆனால் எனக்கு அந்தப் பதக்கம் முக்கியமில்லை. பிழைப்புக்கே வாசித்துக்கொண்டிருந்த ஒருவர் அந்தக் கையை மறுபடி பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாரே, அங்கேதான் என் கண் நிற்கிறது.

ஆகஸ்ட் 17

தேங்காய் துருவும்போது வலது நடுவிரல் நகம் ஒடிந்தது. இடக்கை நகங்களை ஒட்ட வெட்டி, வலக்கை நகங்களை மட்டும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வளர்த்து, நைஸ் உப்புத்தாளில் வட்டமாகத் தேய்த்து வைத்திருந்தேன். தேய்த்த நகத்தில் சின்னப் பிசிறு இருந்தால்கூடத் தந்தியில் கீறல் கேட்கும். வீட்டில் இனி துருவல் என் வேலையில்லை என்று அறிவித்துவிட்டேன். வீட்டுக்காரர் பாக்கெட் துருவல் வாங்கி வந்தார்.

சார் ஆறுதலாக ஒரு கதை சொன்னார். தாரேகா, நவீன கிளாசிக்கல் கிடாருக்கே தகப்பன் ஸ்தானம், ஐம்பது வயதையொட்டி நகங்களை வெட்டிவிட்டு விரல் சதையால் வாசிக்கத் தொடங்கினாராம். அந்த வயதில், அவ்வளவு பேர் வாங்கிய பிறகு, ஒலியையே முதலிலிருந்து தேடியிருக்கிறார். சீடர்களில் சிலர் பின்பற்றினார்கள், செகோவியா நகத்தோடுதான் இருந்தார். நானும் நகம் வளரட்டும் என்றுதான் காத்திருக்கிறேன்.

செப்டம்பர் 21

சுரம் ஆடாமல் நிற்க ஆரம்பித்திருக்கிறது. எப்போதும் இல்லை, மெதுவான பாட்டில், நான் விரலையே பார்த்துக்கொண்டிருந்தால். இங்கேயும் அசைவு உண்டு, ஆனால் தந்தியின் நீளவாட்டில், விரல் நுனி ஊன்றிய இடத்திலேயே, மிகச் சின்னதாக. அதை வாசித்துக் காட்டியபோது சாரே, "இது உங்களுக்குச் சீக்கிரம் வரும், அதனால் இப்போது வேண்டாம்" என்றார். நல்ல வாத்தியார்.

நோட்டுப் படிப்பதுதான் ஆகவில்லை. எனக்கு ச எங்கே வைத்தாலும் ச. இந்தக் கோடுகளிலோ ஒவ்வொரு புள்ளிக்கும் நிரந்தர விலாசம் இருக்கிறது. போதாததற்குக் கிடாருக்கு எழுதியிருப்பதைவிட ஒரு ஸ்தாயி கீழேதான் ஒலிக்கும்.

அக்டோபர் 12

பரீட்சைப் படிவம். இனிஷியல் கிரேடு, அதற்கப்புறம் ஒன்றிலிருந்து எட்டு வரை இருக்கிறது. வயது வரம்பு இல்லை. மூன்று உருப்படிகளுக்குத் தலா 22 மார்க், விரல் பயிற்சிக்கு 14, துணைச் சோதனைகள் இரண்டுக்குப் பத்துப் பத்து. 60 எடுத்தால் பாஸ், 87-க்கு டிஸ்டிங்ஷன்.

துணைச் சோதனைகளை நாமே தேர்ந்தெடுக்கலாம். காதால் கேட்டுப் பதில் சொல்வதை எடுக்கச் சொல்கிறார் சார். சண்முகானந்தா அரங்கில் கச்சேரிகளை, 1990 தீ விபத்துக்கு முன்னும் 1998-இல் மறுபடி திறந்த பின்னும் கேட்டுக் கேட்டு ஊறிய காது. பத்துக்கு எட்டாவது தேறும். அதை எடுத்துக்கொண்டேன். இரண்டாவதாக இசையறிவுக் கேள்விகளை எடுத்தால், சட்டென்று மனப்பாடம் செய்துவிடுவேன், வங்கிப் பரீட்சைப் பழக்கம். அதை விட்டுவிட்டு, முன்பின் பார்த்திராத நோட்டை அங்கேயே வாசிக்கும் சோதனைக்கு டிக் போட்டேன்.

"ஆர் யூ ஷ்யூர், ஆன்ட்டி?" என்றார் சார். மார்க் குறையும், தெரியும். படிவத்தைக் கொடுத்துவிட்டு, அடுத்த வாரத்துக்கு நான் பார்த்திராத நாலு வரி எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.