இடிக்குமுன் எண்ணப்பட வேண்டியவர்கள்

லேவியர் நூலின் பதினான்காம் அதிகாரத்தைக் குருமடத்தில் படித்த காலத்தில் அது எங்களுக்குச் சுவையற்ற பகுதியாகவே தோன்றியது. வீட்டுச் சுவரில் பச்சையும் சிவப்புமாகக் குழிந்த கறை தென்பட்டால், வீட்டுக்கு உரியவர் குருவிடம் வந்து தெரிவிக்க வேண்டும். குரு உள்ளே நுழையுமுன் தட்டுமுட்டுச் சாமான்களையெல்லாம் வெளியே எடுத்துவைக்கச் சொல்ல வேண்டும். வீடு தீட்டு என்று அறிவிக்கப்பட்டால் அவையும் சேர்ந்து தீட்டாகிவிடக் கூடாதே என்பதற்காக. பிறகு ஏழு நாள் வீட்டை அடைத்துவைத்து, மீண்டும் வந்து பார்த்து, கறை பரவியிருந்தால் அந்தக் கற்களை மட்டும் பெயர்த்தெடுத்து, உட்சுவரைச் சுரண்டி, வேறு கல் வைத்து, வேறு சாந்து பூச வேண்டும். அதன் பின்னும் கறை திரும்பினால்தான் இடிப்பு.

மதுரையின் பழைய அரசுக் குடியிருப்பு ஒன்றில் நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுசெல்லும் போதெல்லாம் இந்த அதிகாரம் என் நினைவுக்கு வருகிறது. மேல்வீட்டுக் குளியலறையின் நீர் கீழ்வீட்டுக் கூரையில் கசிகிறது. கசிந்த நீர் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துருவேறிய கம்பி பருக்கிறது. பருத்த கம்பி தன்னை மூடியிருக்கும் காரையைத் தள்ளி உதிர்க்கிறது. கைப்பிடிச் சுவரின் இடுக்கில் அரசங்கன்று ஒன்று வேர்விட்டு, யாரும் பிடுங்காததால் இடுப்புயரம் வளர்ந்து நிற்கிறது. எந்தக் கட்டடமும் ஒரே நாளில் முதுமையடைவதில்லை. ஒழுகும் குழாய் ஒன்றை உரிய காலத்தில் மாற்றியிருந்தால் இன்னும் பல ஆண்டுகள் நின்றிருக்கக்கூடிய கூரைகள் அங்கே உண்டு. சுரண்டுவதும் பூசுவதுமாகிய அந்த இடைப்படி நம்மிடம் இல்லை. குடியிருப்பவர் அரசு செய்யும் என்றிருக்க, அலுவலர் குடியிருப்பவர் செய்துகொள்ளட்டும் என்றிருக்க, கவனிப்பின்மையிலிருந்து நேரே இடிப்புக்குத் தாவிவிடுகிறோம்.

இந்த வீடுகள் பெரும் நம்பிக்கையோடு எழுந்தவை. 1970 ஆம் ஆண்டு தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் தொடங்கப்பெற்றது. அதற்கான சட்டம் 1971 இல் வந்தது. ‘ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம்’ என்னும் அறிஞர் அண்ணாவின் வாக்கை வாரியம் தன் முழக்கமாகக் கொண்டது. இறையியல் படித்தவன் என்ற முறையில் எனக்கு இதில் ஒரு சிறு வழக்கு உண்டு. மத்தேயு நற்செய்தியின் 25 ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் தம்மைக் காணச் சொல்வது பசித்தவனிடத்தும் ஆடையற்றவனிடத்தும் வீடற்ற அந்நியனிடத்தும்தான், சிரிப்பவனிடத்தில் அன்று. ஆயினும் ஓர் அரசு தன் அலுவலகச் சுவரில் எழுதிவைத்துக்கொள்ள இதைவிட நல்ல வாக்கு கிடைப்பது அரிது. தொடக்கத்தில் சென்னைக்கென இயங்கிய வாரியத்தின் பணி 1980களின் நடுவிலிருந்து மதுரை போன்ற பிற நகரங்களுக்கும் விரிந்தது. 2021 இல் அதன் பெயர் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றப்பட்டது. ‘குடிசை’ என்ற சொல் போனது பற்றி எனக்கு வருத்தமில்லை. மதுரை மேலவாசலில் வாழ்பவர்கள் பேச்சில் அது இன்னும் ‘போர்டு வீடு’தான்.

இதற்கு வெகு முன்பே தொழிலாளர்க்கு வீடு கட்டித்தந்த முன்மாதிரி ஒன்று நம் ஊருக்கு உண்டு. மதுரை ஆலையை நடத்திய ஹார்வி நிறுவனம் திருப்பரங்குன்றத்துக்கு அருகில் அமைத்த ஹார்விபட்டியில், தவணை கட்டிமுடித்த தொழிலாளிக்கு வீடு சொந்தமாகும் என்ற ஏற்பாடு இருந்தது. முதலாளிகளின் கணக்கு வேறாக இருந்திருக்கலாம். ஆனால் தன் வீடு என்று ஆனபின் கூரையில் ஓடு நகர்ந்தால் யார் ஏறிச் சரிசெய்வது என்ற கேள்வி எழுவதில்லை.

2021 ஆம் ஆண்டு டிசம்பர் 27 அன்று சென்னை திருவொற்றியூரில் வாரியக் குடியிருப்பின் ஒரு பகுதி சரிந்து 24 வீடுகள் தரைமட்டமாயின. விரிசல் கண்டு ஐயுற்றவர்கள் எல்லாரையும் எழுப்பி வெளியேற்றியதால் உயிரிழப்பு நேரவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் புளியந்தோப்பில் புதிதாகக் கட்டிய அடுக்குமாடியில், விரலால் தொட்ட இடத்தில் சுவர்ப்பூச்சு உதிர்ந்து, சென்னை ஐ.ஐ.டி. வல்லுநர்கள் வந்து ஆராயும்படியாயிற்று. பழையதும் விழுகிறது, புதியதும் உதிர்கிறது. ஆகவே பாழடைந்தவற்றை இடித்து நன்றாகக் கட்டுங்கள் என்பதே முறையான கோரிக்கை. நானும் அதையே சொல்வேன். புதிய வீடுகள் ஏறத்தாழ 400 சதுர அடி; பழையவற்றை விடப் பெரியவை. தனிக் கழிப்பறை, தனிக் குளியலறை. பொதுக் கழிப்பறை வாசலில் வாளியோடு நின்ற தாய்மாரைக் கேட்டால் தெரியும் இதன் அருமை.

ஆனால் யாருக்கு அந்த வீடு? இதைத்தான் நான் பேச விரும்புகிறேன். நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு குடும்பத்துக்கு ஒதுக்கப்பட்ட அறையில் இன்று மணமான இரண்டு மகன்களும் விதவையாகித் திரும்பிய மகளும் இருக்கிறார்கள். சிலர் அவசரத் தேவைக்கு வீட்டை வெறும் பத்திரத்தாளில் எழுதிக் கைமாற்றிவிட்டுப் போய்விட்டார்கள். வாங்கியவர் இருபது ஆண்டுகளாக அங்கேயே வாழ்கிறார். ஒதுக்கீட்டு ஆணையிலோ இறந்துபோனவரின் பெயர்தான். அன்பியக் கூட்டம் முடிந்தபின் ஒரு பெண் என்னிடம் சொன்னார்: “சாமி, வீடு எங்க அம்மா பேர்ல இருக்கு. அம்மா போயிப் பதினெட்டு வருசமாச்சு. பணம் கட்டுன ரசீதெல்லாம் நான்தான் வச்சிருக்கேன். என் பேருதான் எதுலயும் இல்ல.”

எண்ணிக்கை நூலின் 26 ஆம் அதிகாரம் முழுவதும் குடிக்கணக்கு. அந்தக் கணக்கின்படியே நிலம் பங்கிடப்படும் என்று அங்கே விதிக்கப்படுகிறது. கணக்கு முடிந்த கையோடு, அடுத்த அதிகாரத்தின் முதல் வரியிலேயே, அதன்படி பங்கு கிடைக்காத ஐந்து பெண்கள் மோசேயின் முன் வந்து நிற்கிறார்கள். செலொபுகாதின் புதல்வியர் அவர்கள். தந்தை இறந்துவிட்டார், ஆண் பிள்ளை இல்லை, அதற்காக எங்கள் குடும்பத்தின் பங்கு இல்லாமற்போக வேண்டுமா என்பது அவர்கள் வழக்கு. மோசே தாமே முடிவு சொல்லாமல் ஆண்டவரிடம் கொண்டுபோகிறார். ஆண்டவர் அவர்கள் சொல்வது சரி என்கிறார், சட்டம் திருத்தப்படுகிறது. பட்டியல் புனிதமானதுதான். ஆனால் ஒரு கூடார வாசலில் வந்து நின்று முறையிடுபவருக்காக அது திறக்கக்கூடியது என்பதை அந்த நூல் எத்தனை இயல்பாகச் சொல்கிறது!

பட்டியலில் இடம்பெற்றவருக்கும் இடைக்காலம் ஒன்று இருக்கிறது. மறுகட்டுமானம் முடியும்வரை வெளியே தங்குவதற்கான கருணைத்தொகை 8,000 ரூபாயிலிருந்து 24,000 ஆக உயர்த்தப்பட்டது. நல்லதே. பணி இரண்டு ஆண்டு நீண்டால் அது மாதம் ஆயிரம் ரூபாய். மதுரையில் அந்த வாடகைக்கு ஒற்றை அறை கிடைப்பது அரிது. சிங்கப்பூரில் 1995 ஆம் ஆண்டு முதல் நடந்த திட்டத்தில், இடிக்கவிருந்த பழைய அடுக்ககங்களின் அருகிலேயே மாற்று வீடுகளைக் கட்டி, அவற்றில் மக்களைக் குடியேற்றுவதே வழக்கம். அங்கும் முறையீடு இல்லாமலில்லை. 2022 இல் அங் மோ கியோவின் முதியவர்கள், கிடைக்கும் இழப்பீட்டுக்கு மேல் கையிலிருந்து பணம் போட வேண்டியிருக்கிறதே என்று வருந்தினார்கள். ஆயினும் கட்டிமுடித்து இடிப்பதற்கும் இடித்துவிட்டுக் கட்டுவதற்கும் இடையே ஒரு குடும்பத்தின் இரண்டு ஆண்டுகள் இருக்கின்றன.

நகரை விட்டுத் தூரத்தில் வீடு தரலாமே என்று சிலர் கேட்கிறார்கள். மதுரைக்கு வெளியே ராஜாக்கூரில் அப்படியும் கட்டப்பட்டுள்ளது. சென்னையில் நீர்நிலை ஓரங்களிலிருந்து அகற்றப்பட்ட பல்லாயிரம் குடும்பங்கள் கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் குடியேற்றப்பட்டன. (வீடிழந்தவர்களின் குடியிருப்புக்கு, நீதி கேட்டு மதுரைக்கு வந்தவளின் பெயரை வைத்தவர் யாரோ!) விடியற்காலையில் பூ கட்டி விளக்குத்தூண் பக்கம் விற்பவருக்கும், தெருக்கூட்டும் தூய்மைப் பணியாளருக்கும், நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்ப்பவருக்கும் வீடு என்பது வேலைக்கு நடந்துசெல்லக்கூடிய தொலைவையும் சேர்த்ததே. முதல் பேருந்து வருமுன் அவர்கள் வேலை தொடங்கிவிடுகிறது.

அந்தப் பெண்ணுக்காகப் பங்கின் திருமுழுக்குப் பதிவேட்டைப் புரட்டினேன். 1986 ஆம் ஆண்டுப் பக்கத்தில், எனக்கு முன்னிருந்த பங்குத்தந்தை ஒருவரின் அழகிய கையெழுத்தில், குழந்தையின் பெயர், பெற்றோர் பெயர், ஞானப்பெற்றோர் பெயர், அதன் கீழே இருப்பிடம்: பிளாக் எண், கதவு எண். சான்றிதழில் அந்த முகவரியையும் சேர்த்து எழுதி முத்திரையிட்டுக் கொடுத்தேன். அது வீட்டுக்கு உரிமை தரும் ஆவணமன்று. பிறந்தது முதல் அங்கே இருந்தாள் என்று மட்டும் சொல்லும். அடுத்த வாரம் அதே மாடியிலிருந்து மூவர் வந்தார்கள். இருவர் நம் சபையினர் அல்லர். அவர்களுக்கு எழுதித்தர என்னிடம் ஏடு இல்லை. அவர்கள் படித்த பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் முகவரி இருக்கும் என்று தோன்றவே, தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தனுப்பினேன்.