கிராபிக்ஸ் டேப்லட் வாங்கப் போறீங்களா?

கம்ப்யூட்டரில் படம் வரைய ஆசைப்படும் எல்லோருக்கும் ஒரு கட்டம் வரும். மவுஸைப் பிடித்து ஒரு கண் வரைவோம், அது கோழி முட்டை மாதிரி வரும். அழித்துவிட்டு மறுபடி வரைந்தால் உடைந்த முட்டையாக வரும். அப்போதுதான் யாராவது வந்து, "இதுக்குன்னே பேனா வச்ச பலகை இருக்கே, தெரியாதா?" என்பார்கள். அந்தப் பலகைதான் கிராபிக்ஸ் டேப்லட். (காய்ச்சலுக்குப் போடுகிற மாத்திரை இல்லைங்க.)

என்னிடம் இருந்தது 4000 ரூபாய். பாதி டியூஷன் எடுத்துச் சேர்த்தது. மீதி, அம்மா மகளிர் குழுவில் போட்டு வைத்திருந்தது. அம்மா ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வேலை பார்க்கிறார். பணத்தைக் கொடுக்கும்போது சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "நல்லா விசாரிச்சு வாங்கு. ரெண்டாவது தடவை கேட்டா என்கிட்ட இல்ல." படிப்பு முடிவதற்குள் படம் வரைந்து நாலு காசு பார்க்க முடியுமா என்று தெரிந்துகொள்ள எனக்கு இருப்பதும் ஒரே வருஷம். அதனால் வாங்கும் முன் ஒரு மாதம் துருவித் துருவி விசாரித்தேன். உங்களுக்கும் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் இது வேலை செய்யும் விதம். பலகைக்கு அடியில் மெல்லிய கம்பிச் சுருள்கள் வலை மாதிரி பரவியிருக்கும். அவை மின்காந்த அலையை அனுப்பும். பேனாவுக்குள் இருக்கும் சின்னச் சுற்று அதை வாங்கித் திருப்பி அனுப்பும். அதை வைத்துப் பேனா எங்கே இருக்கிறது, எவ்வளவு அழுத்துகிறோம் என்று பலகை கண்டுபிடிக்கும். சக்தி பலகையிலிருந்தே போவதால் பேனாவுக்கு பேட்டரி வேண்டாம். ஜப்பானில் 1983-ல் தொடங்கிய வேகாம் கம்பெனி இந்த முறையில்தான் பெயர் வாங்கியது. இப்போது ஹுயான், எக்ஸ்பி-பென் போன்ற சீனக் கம்பெனிகளும் பேட்டரி இல்லாத பேனா தருகின்றன. பழைய மாடல் சிலவற்றில் பேனாவுக்கு பேட்டரி வேண்டும், பார்த்து வாங்குங்கள்.

விளம்பரங்களில் எல்லோரும் பெரிய எழுத்தில் போடுவது அழுத்த அளவு: 2048, 4096, 8192. எத்தனை படியாக அழுத்தத்தைப் பிரித்து உணரும் என்பதுதான் அந்த எண். ஆனால் நான் தேடியபோது ஒரு வேடிக்கை கண்ணில் பட்டது. 8192 என்று போட்ட எக்ஸ்பி-பென் ஜி430எஸ், 2048 என்று போட்ட 'ஒன் பை வேகாம்' பலகையைவிட விலை குறைவு! எண் பெரிசு, விலை சிறிசு. அப்படியானால் எது நல்லது?

இதற்குப் பதில் கிடைத்தது எங்கள் தெருவில் போர்டு எழுதும் அண்ணாச்சியிடம். ஃபிளெக்ஸ் வந்த பிறகு அவருக்கு வேலை குறைந்துவிட்டது, ஆனால் கை அப்படியே இருக்கிறது. நான் 8192 கதையைச் சொன்னதும் சிரித்தார். "ஏ பாப்பா, பிரஷ் வாங்கும்போது எத்தனை முடி இருக்குன்னு எண்ணியா வாங்குறோம்? மெதுவா தொட்டா மெல்லிசா விழுதா, அழுத்தி எடுத்தா முனை பழையபடி நிக்குதா, அதைத்தான பாக்கணும்."

அவ்வளவுதான் விஷயம். எத்தனை படி என்பதைவிட, முதல் படி எங்கே தொடங்குகிறது என்பதுதான் முக்கியம். லேசாகத் தொட்டால் கோடே விழாத பேனாவுக்கு 8192 இருந்து என்ன, 80,000 இருந்து என்ன?

அடுத்தது அளவு. பலகையின் வெளி அளவைப் பார்க்காதீர்கள், வரையும் பரப்பைப் பாருங்கள். என் லேப்டாப் அண்ணனுக்கு பிளஸ் டூவில் அரசாங்கம் கொடுத்தது. 14 அங்குலத் திரை, அகலம் மட்டும் 12 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். 4 அங்குலப் பலகையில் கை 1 செ.மீ. நகர்ந்தால் திரையில் கோடு 3 செ.மீ. ஓடும். 6 அங்குலம் என்றால் 2 செ.மீ. 10 அங்குலம் என்றால் 1.2 செ.மீ., கிட்டத்தட்ட தாளில் வரைகிற மாதிரி. பலகை சின்னதாக ஆக, கை நடுக்கமும் அதே கணக்கில் பெரிதாகும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரத்தை வரைய நினைப்பவர்களுக்கு இது நன்றாகப் புரியும். 11 நிலை, 192 அடி. தாளில் அதன் ஓரக் கோட்டைத் தோளிலிருந்து கையை வீசி இழுப்போம். 4 அங்குலப் பலகையில் அதே கோட்டை விரலை மட்டும் அசைத்துப் போட வேண்டும். கையெழுத்துப் போடவும், போட்டோ திருத்தவும் அது போதும். படம் வரைய 6 அங்குலத்துக்குக் கீழே இறங்காதீர்கள்.

நீள அகல விகிதமும் உண்டு. ஜி430எஸ் பரப்பு 4-க்கு 3, இன்றைய திரைகள் 16-க்கு 9. அப்படியே விட்டால் வட்டம் போட்டால் படுத்த முட்டை வரும். (மறுபடியும் முட்டை!) செட்டிங்கில் சரிசெய்யலாம், ஆனால் பலகையின் உயரத்தில் கால் பங்கு வீணாகும். 'ஒன் பை வேகாம்' சின்னது 152-க்கு 95 மில்லிமீட்டர். ஹுயான் எச்640பி 6.3-க்கு 3.9 அங்குலம். இரண்டும் திரைக்கு நெருக்கமான விகிதம்.

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய். தொட்டுப் பார்க்க வேண்டுமே? நான் விசாரித்த கடைகளில் "ஆர்டர் போட்டா வரும், திருப்பி எடுக்க மாட்டோம்" என்றார்கள். கடைசியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டிசைன் கடையில் வேலை பார்க்கும் அக்கா பழைய 6 அங்குலப் பலகை வைத்திருப்பதாகத் தெரிந்து பஸ் ஏறினேன். மத்தியானம் கூட்டம் இல்லாத நேரத்தில் அரை மணி நேரம் கொடுத்தார். யார் பலகை கிடைத்தாலும் இந்த நான்கையும் செய்து பாருங்கள்:

1. பேனாவின் எடை மட்டும் படும்படி லேசாக ஒரு கோடு. விழ வேண்டும்.

2. ஸ்கேல் வைத்து, சாய்வாக, ரொம்ப மெதுவாக ஒரு கோடு. புழு மாதிரி நெளியக் கூடாது.

3. ஒரு டம்ளரைக் கவிழ்த்து அதைச் சுற்றி ஒரு வட்டம். திரையிலும் வட்டமாகவே வர வேண்டும்.

4. வேகமாக, நெருக்கமாகக் குட்டிக் கோடுகள். எதுவும் விட்டுப்போகக் கூடாது.

வாங்கும் முன் இன்னும் இரண்டு விஷயம். உங்கள் கம்ப்யூட்டரில் ஓடுமா என்று பாருங்கள். என் லேப்டாப்பில் விண்டோஸ் ஆமை மாதிரி நகர்ந்ததால் லினக்ஸ் போட்டிருக்கிறேன். வேகாம் பலகைகளுக்கான டிரைவர் லினக்ஸ் கெர்னலிலேயே இருக்கிறது, யுஎஸ்பியில் சொருகினால் போதும். மற்ற பல கம்பெனிப் பலகைகளுக்கு டிஜிமெண்ட் என்ற தன்னார்வத் திட்டம் டிரைவர் எழுதுகிறது, ஆனால் உங்கள் மாடல் அதில் உண்டா என்று பார்க்க வேண்டும். கம்ப்யூட்டரே இல்லாதவர்கள், ஆண்ட்ராய்டு போனில் வேலை செய்யும் என்று பெட்டியில் போட்ட பலகையாகப் பாருங்கள். இரண்டாவது, பேனா முனை தேயும். மாற்று முனை பெட்டியிலேயே எத்தனை இருக்கிறது, தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள்.

மென்பொருளுக்குக் காசு வேண்டாம். கிருதா இலவசம். அதில் கண்ணாடி வசதி ஒன்று உண்டு. கோபுரத்தின் இடது பாதியை வரைந்தால் வலது பாதி தானாக வரும். கோலம் போடுகிறவர்கள் விடவே மாட்டார்கள்.

நான் வாங்கியது சின்ன 'ஒன் பை வேகாம்'. லினக்ஸ்தான் காரணம். விண்டோஸ் இருந்திருந்தால் ஹுயானே போதும் என்றுதான் நினைத்திருப்பேன். முதல் வாரம் கை மேஜையிலும் கண் திரையிலுமாக இரண்டும் சண்டை போடும், பயப்படாதீர்கள். தினமும் அரை மணி நேரம் வெறும் கோடும் வட்டமும் போட்டேன், பத்தாம் நாள் கை தானாகப் பழகிவிட்டது. அம்மா எட்டிப் பார்த்து, "இதுக்கா 4000?" என்றார். பிறகு அம்மா முகத்தையே வரைந்து காட்டினேன். "மூக்கு சரியில்ல" என்றார். ஆனால் அதைப் போனுக்கு அனுப்பச் சொல்லி மில்லில் எல்லோருக்கும் காட்டியிருக்கிறார்.

தொட்டுப் பார்க்க இடம் இல்லாததுதான் நம் ஊரில் பெரிய கஷ்டம். அதனால் ராஜபாளையம் பக்கம் இருக்கும் வகுப்பு நண்பர்கள் பணத்தைக் கட்டுவதற்கு முன் ஒரு சாயங்காலம் என் பலகையில் கிறுக்கிப் பார்த்துவிட்டுப் போங்கள். டீ அம்மா போட்டுத் தருவார். டம்ளரை வட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.