பிசினஸ் கிளாஸும் அப்பாவின் டீக் குவளையும்

போன வாரம் ஒரு மாணவி போன் செய்தாள். வெளிநாட்டில் கருத்தரங்கு, பிசினஸ் கிளாஸ் டிக்கெட் வந்திருக்கிறது. "சந்தோஷத்தவிட பயம்தாண்ணா அதிகமா இருக்கு. அங்க ஏதாவது தப்பாப் பண்ணிட்டா?" என்றாள். அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

நான் அதில் ஏறியது ஒரே ஒருமுறை, 2019-இல். டெல்லியிலிருந்து லண்டன், ஏர் இந்தியா. அப்போது அது அரசு நிறுவனம். 2022 ஜனவரியில்தான் டாடாவுக்குக் கைமாறியது. என்னிடம் இருந்தது எகானமி டிக்கெட். அங்கே இடம் நிறைந்துவிட்டதால், கவுண்டரில் இருந்தவர் கூடுதல் பணம் கேட்காமல் முன்பக்க இருக்கை கொடுத்தார். நன்றி சொல்வதற்கு முன்னால் என் செருப்பைத்தான் குனிந்து பார்த்தேன்.

செக்-இன் செய்யத் தனி வரிசை உண்டு. இமிகிரேஷன் முடிந்ததும் லவுஞ்ச். அங்கே சாப்பாடு, காபிக்குக் காசு கிடையாது. தெரியாமல் பர்ஸை எடுத்துவிட்டேன். விமானத்துக்குள் முதலில் கூப்பிடுவதும் நம்மைத்தான். உட்கார்ந்ததும் ஜூஸ் வரும், முகம் துடைக்கச் சூடான துண்டு வரும்.

நான் போன போயிங் 787-8 விமானத்தில் 256 இருக்கைகள். முன்னால் 18, திரைக்குப் பின்னால் 238. முன்னால் வரிசைக்கு 6 பேர், பின்னால் 9 பேர். பொத்தானை அழுத்தினால் இருக்கை கட்டிலாக நீளும். ஜன்னலுக்கு மூடி கிடையாது. கீழே உள்ள பொத்தான்தான் கண்ணாடியைக் கருக்க வைக்கும். பத்து நிமிடம் மூடியைத் தேடிவிட்டுப் பணிப்பெண்ணிடம் கேட்டேன். சிரிக்காமல் சொல்லிக் கொடுத்தார். தூங்கும்போது சீட் பெல்ட்டைப் போர்வைக்கு மேலே போடுங்கள். விமானம் குலுங்கினால் சரிபார்க்க உங்களை எழுப்ப மாட்டார்கள்.

பக்கத்து இருக்கைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "இது பிசினஸ் கிளாஸ்" என்றார். போர்டிங் பாஸை எடுத்துக் காட்டினேன். காட்டியிருக்க வேண்டியதில்லை. அதைக் கேட்க அவர் யார்? உங்களிடம் யாராவது அப்படிச் சொன்னால், "தெரியும்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்காருங்கள்.

சாப்பிட்டு முடித்ததும் பீங்கான் கோப்பையில் டீ வைத்தார்கள். அப்பா நினைவுக்கு வந்தார். எங்கள் ஊர் டீக்கடையில் அவருக்குத் தனிக் குவளை. குடித்துவிட்டு அவரே கழுவி வைக்க வேண்டும். மற்றவர்கள் கொடுத்த அதே காசைத்தான் அவரும் கொடுத்தார். விமானத்தின் திரை காசு கொடுத்தால் விலகும். அந்தக் குவளை எத்தனை காசு கொடுத்தும் மாறவில்லை. இரண்டும் ஒன்றல்ல. ஆனால் அந்தக் குவளை கொடுத்த பயம், இந்தத் திரையைத் தாண்டும்போதும் நம் கூடவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. டீயைக் குடித்துவிட்டு, காலிக் கோப்பையைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். பணிப்பெண் வந்து வாங்கிப் போனார்.

தோழர்களே, பிறக்கும்போதே தெரிந்திருக்க வேண்டியது எதுவும் அங்கே இல்லை. மற்றவர்களுக்கு அவர்கள் அப்பாவோ மாமாவோ முன்பே சொல்லியிருப்பார்கள். நமக்குச் சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான். தெரியாததைக் கூச்சப்படாமல் கேளுங்கள். திரும்பி வந்ததும், அடுத்துப் போகிறவருக்குச் சொல்லுங்கள்.