அண்ணனின் முதுகுவலி

என் தமையனார் 63 வயதுவரை மருத்துவமனைப் படியை மிதித்தறியாதவர். துணைவியாரை இழந்தபின் என் இல்லத்திலேயே தங்கியிருந்தார். 2019-ஆம் ஆண்டு தவக்காலத்தில் அவர் மெலியத் தொடங்கியபோது, ஒருசந்தியின் பயன் என்று கூறி நகைத்தோம். பாஸ்கா விருந்திலும் அவர் கை சோற்றை அளைந்துகொண்டே இருந்தது. “பசியில்லை தம்பி” என்றார்.

அடுத்து, எங்கள் குடும்பத்தில் எவருக்கும் இல்லாத சர்க்கரை நோய் வந்தது. மெலிவுக்குக் காரணம் கிடைத்துவிட்டதென்று அமைதி கொண்டோம்.

மல்லாந்து படுத்தால் மேல்வயிற்றில் எழும் வலி அவர் முதுகைத் துளைக்கும். முன்புறம் குனிந்து அமர்ந்தால் சற்றே தணியும். பின்னிரவில் நான் விழித்தபோதெல்லாம் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு கட்டிலின் விளிம்பில் குனிந்திருப்பார். செபமாலை சொல்கிறார் என்றெண்ணி நான் மீண்டும் உறங்கிவிடுவேன். அந்த உறக்கத்தை நினைத்தால் இன்றும் நெஞ்சு சுடுகிறது.

ஆகஸ்டில் கண்கள் மஞ்சளித்தன. சிறுநீர் கறுத்தது, மலம் வெளிறியது, உடலெங்கும் நமைச்சல். காமாலை என்று மூன்று வாரம் கீழாநெல்லியை மோரில் அரைத்துக் கொடுத்தவன் நானே.

சி.டி. ஸ்கேன் எடுத்தபின் மருத்துவர் என்னைத் தனியே அழைத்தார். கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பின் முன்னே, ஏறத்தாழ 15 செ.மீ. நீளத்தில் மறைந்து கிடக்கும் உறுப்பு. அதன் தலைப்பகுதியில் எழுந்த கட்டி பித்தநாளத்தை நெருக்கியிருந்தது; கல்லீரலிலும் புள்ளிகள் தென்பட்டன. சி.ஏ. 19-9 என்னும் இரத்தச் சோதனையில் அளவு உயர்ந்திருந்தது. பித்த அடைப்பாலும் அது உயருமாகையால், ஊசியால் கல்லீரலிலிருந்து திசுத் துணுக்கு எடுத்துச் சோதித்தே புற்றுநோயை உறுதி செய்தனர். பரவிவிட்டதால் அறுவைக்கு வழியில்லை.

“மூன்று வாரம் முன்னே வந்திருந்தால்?” என்று கேட்டேன். அதனால் மாறியிருக்காது என்றவர், ஐம்பதைக் கடந்தவருக்குச் சர்க்கரையும் மெலிவும் சேர்ந்து வந்தபோதே வயிற்றைச் சோதித்திருக்கலாம் என்றார். சர்க்கரை கண்டவரெல்லாம் அஞ்சவேண்டியதில்லை. ஆனால் எடையும் குறைந்தால் மருத்துவரிடம் சொல்லாமல் இருக்கலாகாது.

அண்ணனிடம் மறைத்துவிட வேண்டுமென்றனர் வீட்டார். அவரோ என் முகத்தைப் பார்த்தே கேட்டுவிட்டார்.

“கீழாநெல்லிக்குக் கட்டுப்படாத காமாலையா, தம்பி?”

உள்ளதைச் சொன்னேன். நெடுநேரம் பேசாதிருந்தவர், “சாமியாரை வரச் சொல். நினைவு தெளிவாக இருக்கும்போதே நோயில்பூசுதல் பெறவேண்டும்” என்றார்.

பித்தநாளத்தில் சிறு குழாய் பொருத்தினர். சில நாட்களில் நமைச்சல் அடங்கியது. மார்பின் மாத்திரையின் அளவு சரிப்பட்ட இரவில், பல மாதங்களுக்குப் பிறகு, அண்ணன் மல்லாந்து படுத்து உறங்கினார்.