முக்கால் டன் கணக்கு

கோயம்புத்தூரில் பவுண்டரிகள் இருக்கும் ஏரியா பக்கம் காலையில் போனால் ஒன்றைக் கவனிக்கலாம். உள்ளே போகிற வண்டிகளில் பாதிக்குப் பாதி பழைய இரும்பு ஏற்றியவை. உடைந்த பம்ப்செட் பாடி, தேய்ந்துபோன மோட்டார் மூடி, தையல் மெஷின் கால், லேத்தில் கடைந்து விழுந்த துருவல். எல்லாம் உருகி, மறுபடி பம்ப்செட்டாகி வெளியே வரும். அந்த ஊர் பம்ப்செட்டுக்குப் பேர் போனது எல்லோருக்கும் தெரியும். அதன் வயிற்றுக்குச் சோறு போடுகிற இந்த வண்டிகளை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அப்படி ஒரு வண்டியின் கதை இது.

அந்த அப்பா இருபது வருடம் மூன்று சக்கர மிதிவண்டியில் பழைய இரும்பு எடுத்தவர். அப்புறம் கொஞ்ச நாள் வாடகை வண்டி. கடைசியில் சீட்டு எடுத்து, மனைவியின் வளையலையும் வைத்து, ஒரு பழைய குட்டி யானை வாங்கினார். 2012 மாடல், மூன்றாவது கை. முன்பு தக்காளி ஓட்டிய வண்டி. தக்காளித் தண்ணி இறங்கி இறங்கி தளம் முழுக்க அரித்துப் போயிருந்தது. ஒரு இடத்தில் ஓட்டை வழியாக ரோடே தெரிந்தது.

குட்டி யானை என்று ஊரே கூப்பிடும் டாடா ஏஸ் 2005-ல் வந்தது. இரண்டு சிலிண்டர் டீசல் இஞ்சின், 702 சி.சி., வெறும் 16 குதிரைத் திறன். இப்போதைய பைக்குகள் சிலவற்றில் இதைவிட அதிகம் இருக்கிறது :) ஆனாலும் மூன்று சக்கர ஆட்டோவில் சரக்கு ஓட்டிக் கொண்டிருந்தவர்களை நான்கு சக்கரத்துக்கு ஏற்றி விட்டது அதுதான். ஏற்றக்கூடிய எடை முக்கால் டன். ஏற்றப்படுகிற எடை எவ்வளவு என்பதை நீங்களே ரோட்டில் பார்த்திருப்பீர்கள்.

மகன் டிப்ளமோ மெக்கானிக்கல் இரண்டாம் வருடம். பாடி எப்படிக் கட்டலாம் என்று வெல்டிங் பட்டறையில் பேச்சு ஆரம்பித்தபோது அவனும் போய் நின்றான். அப்பா மனதுக்குள் எல்லாம் முடிவு பண்ணி வைத்திருந்தார்.

"கீழ அஞ்சு எம்.எம். பிளேட் போட்ருங்க. சுத்தியும் மூணடி உசரத்துக்கு மூணு எம்.எம். ஷீட். இரும்பு ஏத்துற வண்டி, கெட்டியா இருக்கோணும்."

"போட்றலாமுங்கண்ணா" என்றார் வெல்டர். எடைக்கு ஏற்ற கூலி வாங்குகிறவருக்கு அது நல்ல சேதிதானே.

மகன் ரெக்கார்டு நோட்டின் பின் அட்டையில் கணக்குப் போட ஆரம்பித்தான். இரும்புத் தகடு ஒரு சதுர அடி, ஒரு மில்லிமீட்டர் கனம் இருந்தால் எடை சுமார் 730 கிராம். இந்த ஒரு எண்ணை மனதில் வைத்துக் கொண்டால் எந்த வண்டிக்கும் கணக்குப் போடலாம். குட்டி யானையின் தளம் ஏழடிக்குக் கொஞ்சம் மேல் நீளம், ஐந்தடிக்குக் கொஞ்சம் கீழ் அகலம், ஆக 35 சதுர அடி. அஞ்சு எம்.எம். போட்டால் தளம் மட்டுமே 128 கிலோ. மூன்று பக்கமும் மூணடித் தடுப்பு இன்னொரு 125 கிலோ. கேபினுக்குப் பின்னால் ஒரு தடுப்பு, ஆங்கிளோடு சேர்த்து 55. மொத்தம் 308. அரித்துப்போன பழைய தளத்தை வெட்டி எடுத்தால் முப்பது கிலோ கழியும்.

ஆர்.சி. புத்தகத்தில் வண்டியின் காலி எடை 805, சரக்கோடு சேர்த்து அதிகபட்சம் 1550. இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் முக்கால் டன். அதில் பாடிக்காக 278 கிலோ போய்விட்டால்? ஓட்டுகிறவரும் கூட வருகிறவரும் சேர்ந்து 130 கிலோவாவது இருப்பார்களே, அதுவும் இந்தக் கணக்கில்தான் வரும். கழித்துப் பார்த்தான். மிச்சம் 337.

"அப்பா, நீங்க சொல்ற மாதிரி கட்டுனா முந்நூத்தி முப்பத்தேழு கிலோதானுங்ப்பா ஏத்த முடியும்."

அப்பா சிரித்தார். "அதுல டன்னுக்கு மேல ஏத்தறானுக கண்ணு. நீ என்னமோ முந்நூறுங்கற."

இங்கேதான் பலருக்கும் குழப்பம். பிளேட்டைக் கனமாகப் போட்டால், ஆங்கிள் வைத்து அடித்தால் வண்டி அதிகம் தாங்கும் என்று நினைக்கிறோம். தாங்குவது தளம் மட்டும்தான். ஆக்சில் அதேதான், பன்னிரண்டு இஞ்சு டயரும் அதே நாலுதான், பிரேக்கும் அதேதான். வெல்டிங் ராடால் பிரேக்கைக் கெட்டியாக்க முடியாது. சொல்லப்போனால் பாடி கெட்டியாகக் கெட்டியாக மற்றதெல்லாம் பலவீனமாகிறது, ஏனென்றால் அந்தக் கெட்டியையும் அவைதான் சுமக்க வேண்டும்.

இன்னொன்றும் அவன் கவனித்திருந்தான். தக்காளி ஓட்டியவர் பின் ஸ்பிரிங்கில் இரண்டு பக்கமும் ஒரு பட்டை அதிகமாகப் போட்டிருந்தார். காலியாக ஓட்டினால் வண்டி தவளை மாதிரி குதித்தது. அப்பாவுக்கு அதில் ரொம்பச் சந்தோஷம், எவ்வளவு ஏற்றினாலும் உட்காராது என்று. உட்கார வேண்டும்! பாரம் அதிகமானால் வண்டி நம்மிடம் சொல்கிற ஒரே வழி உட்காருவதுதான். எக்ஸ்ட்ரா பட்டை போடுவது வண்டியின் வாயைக் கட்டுவது மாதிரி. பாரம் அப்படியே இருக்கும், சத்தம் மட்டும் வராது.

வெல்டர் நல்ல மனிதர் என்றுதான் சொல்ல வேண்டும். கூலி குறையும் என்று தெரிந்தும் அவர்தான் வழி சொன்னார். தளம் நெளிவது தகடு மெல்லிசாக இருப்பதால் இல்லை, அடியில் தாங்கும் குறுக்குச் சட்டங்கள் தள்ளித் தள்ளி இருப்பதால். ஏற்கனவே இருக்கிற சட்டங்களைச் சரிபண்ணி மேலே ரெண்டு எம்.எம். போட்டால் போதும். பொருளைத் தூக்கிப் போடுகிற இடம் எப்போதும் பின்கதவுப் பக்கம்தான், அங்கே மட்டும் ஒரு துண்டு பழைய கன்வேயர் பெல்ட். பழைய இரும்புக் கடையிலேயே கிடைக்கிற சாமான். அடியையும் தாங்கும், சத்தத்தையும் குறைக்கும். தளத்துக்கு 51, பெல்ட்டுக்கு 14. முடிந்தது.

பக்கத் தடுப்பில்தான் யோசனை நீண்டது. பழைய இரும்பு என்று பொதுவாகச் சொல்லி விடுகிறோம். மோட்டார் பாடி தளத்தில் ஒரு வரிசை அடுக்குவதற்குள் எடை முடிந்துவிடும். பீரோ தகடு, சைக்கிள் சட்டம் எல்லாம் மலை மாதிரி குவித்தாலும் எடை வராது. முன்னதுக்கு உயரமே வேண்டாம், பின்னதுக்கு உயரம் மட்டும்தான் வேண்டும். அதனால் கம்பெனி கொடுத்த ஓரடித் தடுப்பை அப்படியே விட்டு, அதற்கு மேல் சதுரக் குழாய்ச் சட்டத்தில் வலை அடித்து, கழற்றி மாட்டுகிற மாதிரி வைத்தார்கள். முப்பது கிலோவில் முடிந்தது.

லேத் துருவலுக்கு வலை ஆகாது, பொடி கீழே கொட்டும். அது ஓரடித் தடுப்புக்குள்தான். அதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. கடையும்போது ஊற்றுகிற ஆயிலும் தண்ணியும் கலந்தது துருவலில் ஊறியிருக்கும். ஓட்டைத் தளத்தில் ஏற்றினால் வழியெல்லாம் சொட்டும். பின்னால் டூவீலரில் வருகிறவருக்கு வளைவில் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. தளத்தின் ஓரம் முழுக்க விடாமல் வெல்டு வைத்து, ஒரு மூலையில் துளை போட்டு, அதற்குக் கீழே ஐந்து லிட்டர் ஆயில் கேன் ஒன்றைத் தொங்க விட்டார்கள். இந்த வண்டியிலேயே உருப்படியான வேலை அதுதான் என்று தோன்றுகிறது. (ஆயிலோடு இருக்கும் இரும்புத் துருவலை ராத்திரி முழுக்கக் குவியலாக விட்டால் உள்ளே சூடேறும். துருப்பிடிப்பதே ஒரு மெதுவான எரிதல்தானே. கையை விட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.)

கடைசியாக மிச்சம் இருந்தது கேபினுக்குப் பின்னால் வைக்கிற தடுப்பு. மகன் அங்கேயும் குழாயும் வலையும் வரைந்திருந்தான், பதினைந்து கிலோ. நாலு எம்.எம். பிளேட் போட்டால் ஐம்பத்தைந்து. நாற்பது கிலோ மிச்சம் என்று பெருமையாகக் காட்டினான்.

அதுவரை எல்லாவற்றுக்கும் தலையாட்டிக் கொண்டிருந்த அப்பா நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

"அங்க மட்டும் கணக்குப் பாக்காத கண்ணு."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அப்பா இடது கையைத் தூக்கிக் காட்டினார். தோளுக்கு மேல் அது போகாது. வாடகை வண்டி காலத்தில் ஒரு மேம்பாலத்தில் இறங்கும்போது முன்னால் போன பஸ் சட்டென்று நின்றது. இவர்கள் வண்டியும் நின்றது. பின்னால் இருந்த மோட்டார் பாடி நிற்கவில்லை. கேபினின் பின் தகட்டைக் கிழித்துக் கொண்டு உள்ளே வந்தது. வீட்டில் அன்றைக்குச் சொன்னது படியில் வழுக்கி விழுந்ததாக. இத்தனை வருடமும் மகனுக்குத் தெரிந்தது அந்தப் படிக்கட்டுக் கதைதான்.

நாலு எம்.எம். பிளேட்டே போட்டார்கள். ஆங்கிளைச் சேசிஸ் வரைக்கும் இறக்கி போல்ட் போட்டார் வெல்டர்.

எல்லாம் முடிந்து எடை மேடையில் ஏற்றினார்கள். கணக்குப்படி 925 வர வேண்டும், 970 காட்டியது. மகனுக்கு முகம் விழுந்துவிட்டது. அப்புறம் பார்த்தால் தக்காளிக்காரர் மாட்டி வைத்த கேபின் கேரியர், முன்னால் பெரிய கார்டு, அந்த எக்ஸ்ட்ரா பட்டைகள். கேரியரும் கார்டும் உடனே கழன்றன. பட்டையைக் கழற்ற அப்பாவைச் சம்மதிக்க வைக்க இரண்டு நாள் ஆனது. மறுபடி எடை போட்டபோது 930. ஆக அந்த வண்டி ஏற்றிய முதல் லோடு அதன் சொந்தக் கேரியர், கார்டு, பட்டை, பழைய தளம் :)

1550-ல் 930 போய், ஆள் 130 போய், மிச்சம் 490 கிலோ. முக்கால் டன் வண்டியில் அரை டன்கூட இல்லை.

பாடியை மாற்றினால் ஆர்.சி.யில் பதிய வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவு சொல்கிறது. அதற்கு அலைந்த கதை தனி, விட்டு விடலாம். காலி எடை 930 என்று பதிந்தாயிற்று. 2019 திருத்தத்துக்குப் பிறகு அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. சின்ன வண்டியோ பெரிய லாரியோ அந்த இருபதாயிரம் ஒன்றுதான். இந்த வண்டிக்கு அது ஒரு மாதத்து வீட்டுச் செலவு.

சட்டத்தை விடுங்கள், பிழைப்பு என்று ஒன்று இருக்கிறதே. பக்கத்துக் கடைக்காரர் இதே வண்டியில் ஒரு டன் ஏற்றி ஒரு நடையில் முடிக்கிறார். இவர் இரண்டு நடை போக வேண்டும். டீசல் இரண்டு மடங்கு, நேரம் இரண்டு மடங்கு. பவுண்டரி வாசலில் "என்னங்கண்ணா, பாதி வண்டி எங்க?" என்று கேட்டவர்கள் உண்டு. நோட்டு அட்டையில் அந்தக் கேள்விக்கு விடை இல்லை. மகனுக்கும் அது தெரிந்தே இருந்தது.

அவன் செய்தது இவ்வளவுதான். பிரிட்டனில் சாமுவேல் பிளிம்சால் என்று ஒரு எம்.பி. இருந்தார். அளவுக்கு மீறி ஏற்றிய கப்பல்கள் மாலுமிகளோடு மூழ்குவதைப் பார்த்துச் சண்டை போட்டவர். 1876-ல் அங்கே சட்டம் வந்தது, கப்பலின் பக்கத்தில் ஒரு கோடு போட வேண்டும் என்று. பாரம் ஏறக் கப்பல் அமிழும், எவ்வளவு வரை அமிழலாம் என்பதற்கு அந்தக் கோடு. வகுப்பில் யாரோ சொன்னது அவன் நினைவில் இருந்தது. சரியாக 490 கிலோவைத் தளத்தின் நடுவில் ஏற்றி நிறுத்தி, பின் ஆக்சில் யூ போல்ட்டில் ஒரு சின்னத் தகரப் பட்டையை நட்டமாக மாட்டினான். அதன் நுனி எங்கே நிற்கிறதோ, சேசிஸில் அங்கே வெள்ளைப் பெயிண்டில் ஒரு கோடு. பாரம் ஏறினால் சேசிஸ் இறங்கும், நுனி கோட்டைத் தொடும். தாண்டினால் அதிகம். எடை மேடைக்குப் போகாமலே குனிந்து பார்த்தால் தெரியும்.

"கப்பலுக்குப் போடற கோட்டையா இதுக்குப் போட்டிருக்க?" என்று அப்பா ரொம்ப நேரம் சிரித்தார்.

ஒரு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை. மகன் கல்லூரி விட்டு வரும்போது வண்டி வாசலில் காலியாக நின்றது. துவைக்கப் போட்டிருந்த அப்பாவின் சட்டைப் பையில் எடை மேடைச் சீட்டு, மொத்தம் 1,675. அவன் ஒன்றும் கேட்கவில்லை, சீட்டை ஜன்னல் திண்டில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனான். சாப்பிடும்போது அப்பாதான் ஆரம்பித்தார், தட்டைப் பார்த்தபடியே.

"இன்னைக்கு கோடு ரெண்டு விரக்கடை இறங்கிருச்சு கண்ணு."

"பாலத்து மேலயா போனீங்ப்பா?"

"இல்ல. சுத்திக்கிட்டு கீழ் ரோட்டுலயே போய்ட்டேன்."